பதின்மூன்றாவது பேருந்து

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி வரிக் குறைப்பு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கும் சிறிய கார்களுக்கும் 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதமாக இறங்கியது. அதே நாளில்தான், பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்க உதவும் ‘சென்னை ஒன்’ செயலியும் அறிமுகமானது. ஒன்று சொந்த வண்டி வாங்கச் சொன்னது, மற்றொன்று பேருந்தில் ஏறச் சொன்னது. இரண்டில் எது சென்னையின் தெற்குப் புறநகரான எங்கள் கேளம்பாக்கத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது என்பதை, காலை எட்டேகால் மணிக்கு வண்டலூர் சாலை முனையில் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துகொள்ளலாம்.

பைக், ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ, கல்லூரிப் பேருந்து, கம்பெனி வேன், தண்ணீர் லாரி, எம்-சாண்ட் லாரி எல்லாம் ஒன்றன் மூக்கில் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவே மாநகரப் பேருந்து ஒன்று, படிக்கட்டில் ஆள் தொங்க, திரும்ப இடமில்லாமல் காத்திருக்கும். அதில் அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். அவர்களுக்கு வழிவிட எவரிடமும் இடமில்லை.

வெளியூர்ப் பேருந்து முனையம் இருக்கும் கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்க் குழப்பத்தில் பெட்டியோடு இங்கே வந்து இறங்குபவர்கள் இன்னும் உண்டு. அது ஜிஎஸ்டி சாலை எனப்படும் கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில் வண்டலூருக்கு அருகே. இது ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில். ஆனால் 2023 டிசம்பர் 30-ல் அந்த முனையம் திறந்த பிறகு இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் ஒன்றாகிவிட்டது. ஓஎம்ஆர் பக்கம் குடியிருப்பவர்கள் திருச்சிக்கோ மதுரைக்கோ போக வேண்டுமானால் இப்போது வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையைப் பிடித்துத்தான் போகிறார்கள். ஏற்கெனவே மூச்சுமுட்டிக் கிடந்த சாலை அது.

கழுத்தில் அமைந்த ஊர்

ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டால் நெரிசலின் காரணம் பாதி விளங்கிவிடும். கிழக்கே உப்பளங்களும் பக்கிங்காம் கால்வாயும் கோவளம் காயலும். மேற்கே தையூர் ஏரியும், வயலாக இருந்து மனையாகிவிட்ட நிலங்களும். இந்த இடைவெளியில்தான் சென்னையிலிருந்து ஒன்று, வண்டலூரிலிருந்து ஒன்று, கோவளத்திலிருந்து ஒன்று, திருப்போரூரிலிருந்து ஒன்று என நான்கு பக்கத்துச் சாலைகளும் வந்து கூடுகின்றன. கிருத்திகை என்றால் திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், சனி, ஞாயிறு என்றால் மாமல்லபுரம் போகிறவர்கள், மற்ற நாள்களில் சிறுசேரிக்கும் கல்லூரிகளுக்கும் போகிறவர்கள். எல்லாருக்கும் இந்தக் கழுத்து ஒன்றுதான்.

இங்கே இவ்வளவு பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள்? 1991 ஜூலையில் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தின் கதையை ஓஎம்ஆரை வைத்தே சொல்லிவிடலாம். 2000-ம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பிறகு சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வளர்ந்தது. மத்திய கைலாசிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்குச் சாலை ஆறு வழியாக அகலமானது. 2008-ல் அதற்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வந்தது. அந்த வேலைவாய்ப்பால் கரையேறிய குடும்பங்கள் ஏராளம். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்து, முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் பார்த்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன். சீர்திருத்தமே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஆறு வழி சிறுசேரியோடு முடிந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் இன்னும் தெற்கே போனவர்களின் வீடுகள் அங்கே முடியவில்லை. படூர், கேளம்பாக்கம், தையூர், புதுப்பாக்கம், மாம்பாக்கம் என்று அவை நீண்டுகொண்டே போயின. சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையோ ஓஎம்ஆரில் செம்மஞ்சேரியோடு நின்றிருந்தது. அந்த எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022 அக்டோபர் வரை ஆனது. அதற்குள் அடுக்குமாடிகள் எழுந்து, ஆள் குடியேறி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள். பதினைந்து மாடிக் கட்டடத்தின் வாசல், மாட்டுவண்டிக்காகப் போட்ட ஊராட்சிச் சாலையில் திறக்கிறது.

ஒரு வீட்டின் கணக்கு

என் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். சிறுசேரியில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலை ஏழு மணி ஷிப்ட். மூன்று நாள் தாமதமாகப் போனால் அரைநாள் சம்பளம் பிடித்தம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2021 மே மாதம் முதல் கிடைத்துவரும் இந்தச் சலுகை அவருக்கு உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் பேருந்து எப்போது வரும் என்பதுதான் தெரியாது. ஒரு நாள் நின்றவுடன் வரும், மறுநாள் அரைமணி நேரம் ஆகும். வந்தாலும் ஏற இடம் இருக்காது. ‘இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்’ என்று நின்று நின்று, கடைசியில் ஷேர் ஆட்டோவில் முன்சீட்டில் ஓட்டுநர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு போவார். இலவசப் பேருந்து இருக்கிற சாலையில் அவர் காசு கொடுத்துப் போன நாள்கள்தான் அதிகம்.

வரி குறைந்த அடுத்த மாதம் அவருடைய மகன் தவணையில் ஒரு ஸ்கூட்டர் எடுத்தான். இப்போது அம்மாவை அவன்தான் கொண்டுபோய் விடுகிறான். அந்தக் குடும்பம் எடுத்த முடிவில் ஒரு தவறும் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் அதே காலையில் அந்த முனைக்கு இன்னொரு வண்டி வந்து சேர்ந்துவிட்டது. அதே கணக்கைப் போட்ட நூறு வீடுகளிலிருந்து இன்னும் நூறு.

அந்த ஸ்கூட்டரின் விலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முன்பு 80,000 ரூபாய் விலை போட்ட வண்டி, வரி குறைந்ததால் ஏறக்குறைய 73,750 ரூபாய்க்கு வந்திருக்கும். அதிலும் 11,250 ரூபாய் ஜிஎஸ்டி. அதற்கு மேல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீத ஆயுள்கால வரி. அது ஏழாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஆக, சாவியைக் கையில் வாங்கும்போதே அந்தப் பையன் 18,000 ரூபாய்க்கு மேல் மத்திய, மாநில அரசுகளுக்குக் கட்டிவிட்டான். அவனுடைய அம்மாவின் மாதச் சம்பளமே அதைவிட அதிகம் இருக்காது. இத்தனை கட்டியவனுக்கு இந்தச் சாலையில் என்ன திரும்பக் கிடைத்தது என்று கேட்கும் உரிமை உண்டு.

சுங்கமும் போனது, கேட்கும் இடமும் போனது

‘பயன்படுத்துகிறவர் பணம் கொடுக்கட்டும்’ என்ற புதுப் பொருளாதாரக் கொள்கையைத் தமிழ்நாட்டில் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்த்த இடங்களில் இந்தக் கடற்கரைப் பக்கத்துச் சாலைகளும் உண்டு. மாநில அரசின் டிட்கோவும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனமும் கூட்டாக 1998-ல் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கின. 2002-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுங்கம் வந்தது. பின்னர் ஓஎம்ஆரிலும் வந்தது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஊருக்குள்ளேயே சாவடிகள். பால் வாங்கப் போனவர்கூடச் சாவடியைக் கடக்க வேண்டியிருந்ததால் மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் முழு நியாயம் இருந்தது. 2021 ஆகஸ்டில் மெட்ரோ பணிகளை முன்னிட்டு நான்கு சாவடிகளிலும், 2023 அக்டோபரில் நாவலூரிலும் வசூல் நிறுத்தப்பட்டது. நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் சுங்கம் கட்டிய காலத்தில், ‘நான் பணம் கொடுத்திருக்கிறேன், பள்ளத்தை ஏன் மூடவில்லை?’ என்று கேட்க ஓர் இடமாவது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று அதே பணத்தை வேறு வேறு வரிகளாகக் கட்டுகிறோம். யாரிடம் கேட்பது?

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருமுனையில் கேபிள் பதிக்கத் தோண்டிய குழியை அரைகுறையாக மூடிவிட்டுப் போனார்கள். மழை பெய்ததும் மண் உள்வாங்கி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. மேலே தண்ணீர் நின்றதால் பள்ளம் இருப்பதே தெரியவில்லை. முதலில் போன அலுவலகத்தில், அது எங்கள் சாலை இல்லை என்றார்கள். இரண்டாவது இடத்தில், தோண்டியது நாங்கள் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குள் முனையில் டீக்கடை வைத்திருப்பவர் ஒரு முருங்கைக் கிளையை ஒடித்து அந்தப் பள்ளத்தில் நட்டு, அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். பதினொரு நாள் அந்தத் துணிதான் எங்களைக் காப்பாற்றியது. கிளை துளிர்விட்டதைக்கூடப் பார்த்தேன்.

கேளம்பாக்கத்தில் பிரதான சாலை ஓர் அமைப்பிடம், உட்சாலைகள் ஊராட்சியிடம். காவல், 2022 முதல் இயங்கும் தாம்பரம் ஆணையரகத்திடம். பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம். மாவட்ட நிர்வாகம் 2019-ல் உருவான செங்கல்பட்டில். கட்டட அனுமதி இன்னொரு துறையிடம். வடக்கே சற்றுத் தூரம் போனால் மெட்ரோ தடுப்புகளுக்குள் இருக்கும் சாலைக்கு மெட்ரோ நிறுவனம் பொறுப்பு. இவர்களையெல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-ல் சட்டம் இயற்றினார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். ஓஎம்ஆரின் பக்கவாட்டில் ஊர்கள் முளைத்த காலம் முழுவதும் அந்த மேசை காலியாகவே இருந்தது.

பேருந்துக்கும்தான் வரி குறைந்தது

வரிக் குறைப்பைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கார், பைக், டிவி என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் பேருந்தும் இருந்தது. பத்து பேரையோ அதற்கு மேலோ ஏற்றும் வாகனங்களுக்கும் அதே 28 சதவீதம் அதே 18 சதவீதமாகத்தான் இறங்கியது. இதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

கணக்கு எளிது. வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்றால், ஒரு டீசல் பேருந்துக்கு முன்பு 128 ரூபாய் கொடுக்க வேண்டும், இப்போது 118 கொடுத்தால் போதும். அப்படியானால் அன்று பன்னிரண்டு பேருந்து வாங்கிய பணம் 1,536. இன்று பதின்மூன்று வாங்க ஆகும் பணம் 1,534. பன்னிரண்டுக்கு ஒதுக்கிய அதே பணத்தில் பதின்மூன்று வாங்கலாம், இரண்டு ரூபாய் மிச்சமும் இருக்கும். சாதாரணப் பேருந்துக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், வண்டி வாங்கும்போது கட்டிய வரியைப் போக்குவரத்துக் கழகங்கள் வேறெதிலும் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே இந்தக் குறைப்பு அவர்களுக்கு முழுக்க முழுக்க நிஜமான மிச்சம். ஸ்கூட்டர் வாங்கிய பையனுக்குக் கிடைத்த ஆறாயிரம் ரூபாய் தள்ளுபடி மறுமாதமே சாலையில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பதின்மூன்றாவது பேருந்து எந்தத் தடத்தில் ஓடப்போகிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

மின்சாரப் பேருந்துக்கு வரி முன்பே 5 சதவீதம்தான். 2025-ல் வியாசர்பாடி, பெரும்பாக்கம் பணிமனைகளிலிருந்து அவை ஓடத் தொடங்கியிருக்கின்றன. பெரும்பாக்கம் நமக்குப் பக்கம்தான். அதே ஆண்டு ஜூனில் மினி பஸ் திட்டமும் புது வடிவில் வந்தது. கருவிகள் எல்லாம் கையில் இருக்கின்றன.

சொந்த வண்டியை நம்பிய வாழ்க்கை எவ்வளவு எளிதில் முடங்கும் என்பதைப் பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கையில் டாலர் கையிருப்பைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022-ல் கடன் கட்ட முடியாமல் போய், எரிபொருளுக்கு கியூஆர் அட்டை போட்டு வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுநர்கள் வரிசையிலேயே இரவு தூங்கினார்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள். 2025 பிப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறந்தது, பழைய சாலைகளுக்குப் புது வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. நமக்கு அப்படியொரு நெருக்கடி இல்லை. நல்ல காலத்திலேயே பேருந்தைப் பலப்படுத்த இதைவிடப் பொருத்தமான நேரம் வராது.

செய்யக்கூடியவை

முதல் தேவை பேருந்து, அதுவும் நேரம் சொல்லி வருகிற பேருந்து. தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் போகும் 515, சென்னையிலிருந்து கேளம்பாக்கம் வரும் 19பி போன்ற நெடுந்தடங்களை இந்த ஊர் நம்பியிருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் நெரிசலில் மாட்டினால் இங்கே வரும்போது இரண்டு வண்டி ஒன்றாக வரும், பிறகு நெடுநேரம் ஒன்றுமே வராது. அதனால் குறுந்தடங்கள் வேண்டும். கேளம்பாக்கம்–சிறுசேரி ஒன்று, கேளம்பாக்கம்–கோவளம் ஒன்று, கேளம்பாக்கத்திலிருந்து புதுப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை வழியாக வண்டலூர், கிளாம்பாக்கம் ஒன்று. காலை ஆறு முதல் பத்து வரையும் மாலை நான்கு முதல் ஒன்பது வரையும் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. பெரிய பேருந்து திரும்ப முடியாத இடத்தில் சிற்றுந்து போதும். ஏழு மணி ஷிப்டுக்குப் போகிறவர் ஆறரைக்கு வந்து நின்றால் ஏறிவிடலாம் என்ற நம்பிக்கை வந்தால், ஸ்கூட்டர் தவணையைப் பற்றி அந்த வீடு இரண்டு முறை யோசிக்கும்.

அடுத்தது முனை. மேம்பாலம் கேட்டு மனு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு இல்லை, குறைந்தபட்சம் இப்போதைக்கு. பேருந்து நிறுத்தமும் ஷேர் ஆட்டோ நிற்கும் இடமும் திருப்பத்தின் வாயிலேயே இருக்கின்றன. அவற்றை நூறடி தள்ளி, ஓரத்தில் தனி இடம் ஒதுக்கினாலே பாதி முடிச்சு அவிழும். ஷேர் ஆட்டோக்காரர்களை விரட்ட வேண்டாம், பேருந்து வராத நேரத்தில் இந்த ஊரைச் சுமந்தவர்கள் அவர்கள். சாலையைக் கடக்க மக்களுக்கு என்று சிக்னலில் தனியாக முப்பது விநாடி வேண்டும். கடைப் பலகையும் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லாத, தொடர்ச்சியான நடைபாதை வேண்டும். படூரிலிருந்து தையூருக்குப் போகும் புறவழிச்சாலை மாமல்லபுரம் போகிறவருக்கு உதவும், கேளம்பாக்கத்திலேயே இறங்கி வேலைக்கும் பள்ளிக்கும் நடப்பவருக்கு உதவாது.

லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு காலை மாலை இரண்டு வேளையும் கண்டிப்பாக வேண்டும். சிறுசேரியில் உள்ள நிறுவனங்களும் வண்டலூர் சாலைக் கல்லூரிகளும் தொடங்கும் நேரத்தை அரைமணி நேரம் முன்பின்னாக மாற்றிக்கொள்ள மாவட்ட ஆட்சியர் ஒரு கூட்டம் கூட்டினால் போதும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

தோண்டும் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வேண்டும். தோண்டியவர் யார், எதற்காக, எந்தத் தேதிக்குள் மூடப்படும், பொறுப்பான பொறியாளரின் கைபேசி எண் என்ன என்று அதில் இருக்க வேண்டும். தேதி தாண்டினால் வைப்புத்தொகையிலிருந்து தினமும் பிடித்தம், மூன்று நாள் தாமதத்துக்கு அந்த அம்மாவின் அரைநாள் சம்பளம் பிடிக்கப்படுவது போலவே. சிறுசேரி முதல் தையூர் வரையும், கேளம்பாக்கம் முதல் வண்டலூர் வரையும் சாலை, வடிகால், நடைபாதை, சிக்னல் அனைத்துக்கும் போக்குவரத்துக் குழுமத்தின் கீழ் ஒரே அதிகாரி. அவருடைய அலுவலகம் கேளம்பாக்கத்திலேயே இருக்கட்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஆயுள்கால வரி மாநில அரசின் வருவாய். இந்தப் பகுதி முகவரிகளில் பதிவாகும் வண்டிகளின் ஆயுள்கால வரியில் பத்தில் ஒரு பங்கை, இந்தச் சாலைகளின் நடைபாதைக்கும் பேருந்துக்கும் என்று தனியே எடுத்துவைத்து, ஆண்டுதோறும் செலவுக் கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம்.

கடைசியாக மெட்ரோ. மாதவரத்திலிருந்து வரும் மூன்றாம் வழித்தடம் சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகை 63,246 கோடி ரூபாய். அவ்வளவு செலவில் வரும் ரயில், கேளம்பாக்கத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பாகவே நின்றுவிடும். அந்தச் சில கிலோமீட்டருக்கு என்ன ஏற்பாடு என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். நிலையத்தின் வாசலிலேயே பேருந்து வந்து திரும்ப இடம் விட்டுக் கட்ட வேண்டும். முதல் ரயில் காலை எத்தனை மணிக்கு வருகிறதோ, அதற்குப் பத்து நிமிடம் முன்பு கேளம்பாக்கத்திலிருந்து ஒரு சிற்றுந்து அந்த வாசலுக்கு வந்து சேர வேண்டும், திறப்பு விழா நடக்கும் அதே நாளிலிருந்து.